இட்டேரியில் விழுந்த வேப்பமரம்

வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நாலு மணிக்குக் கொல்லிமலைப் பக்கமிருந்து காற்று வந்தது. சௌந்திரம் மாடுகளுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தட்டுக்கத்தையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்ச் சாணிக்குழியில் போட்டது. இருபது நிமிடம்தான். பிறகு மழை பிடித்தது. மழை விட்டதும் மண் மணத்தோடு பச்சை வேப்பிலைக் கசப்பும் சேர்ந்து வந்தது. இவ்வளவு தூரத்துக்கு அந்த வாடை ஏன் வருகிறது என்று பார்க்கப் போனவள் இட்டேரியின் பாதியில் நின்றுவிட்டாள்.

தார்ச்சாலையிலிருந்து அவள் தோட்டத்துக்கு வர அரை மைல் நீளத்துக்கு அந்த இட்டேரி ஒன்றுதான் வழி. ஒரு கார் போகலாம், எதிரே இன்னொன்று வர முடியாது. ஒரு பக்கம் கிளுவை வேலி, மறுபக்கம் ஆள் ஆழத்துக்கு ஓடைப் பள்ளம். பள்ளத்துக் கரையில் நின்றிருந்த வேம்பு வேரோடு பெயர்ந்து, வழியை அடைத்துக்கொண்டு, வேலியையும் நசுக்கி, தலையைப் பக்கத்து மரவள்ளிக் காட்டுக்குள் போட்டுக் கிடந்தது. வேர்ப்பக்கம் ஒரு வண்டிச்சக்கரம் போல மண்ணோடு எழும்பி நின்றது.

சௌந்திரத்துக்கு ஐம்பத்தாறு வயது. கணவர் நாச்சிமுத்து மாரடைப்பில் இறந்து மூன்று வருடமாகியிருந்தது. ஒரே மகன் ரமேஷ்குமாருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. அவன் மனைவி நர்மதாவும் அங்கேதான் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தோட்டத்தில் சௌந்திரமும் இரண்டு கறவை மாடுகளும் ஒரு கன்றும் மட்டும். கடலையும் மரவள்ளியும் போட ஆள் விட்டுச் செய்துகொள்வாள். மற்றபடி ஒரு நாள் முழுக்க அவள் பேசுவது மாடுகளோடு பேசுவதாகத்தான் இருக்கும்.

மரம் அறுக்கும் மிஷின் வைத்திருந்த சின்னராஜின் நம்பர் அவளிடம் இருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே கூப்பிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு முன்னால பதினாலு மரம் இருக்குதுங்க. ஊட்டு மேல உழுந்ததத்தான் மொதல்ல அறுக்கோணும். உங்குளுது தடத்துலதான உழுந்திருக்குது. அடுத்த வாரம் வாரேனுங்க."

"அதுவரைக்கும் பால் வண்டி எப்படிச் சாமி உள்ள வரும்?"

"என்ன பண்றதுங்க்கா. எனக்கு இருக்கறது ரெண்டு கைதானுங்க."

மறுநாள் காலையில் பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு, மரத்தின் மேல் ஏறி இறங்கி, சாலை வரை நடந்தாள். பால் வண்டிக்காரர் கேனை வாங்கிக்கொண்டு, "மரம் உழுந்துருச்சுங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். வியாழக்கிழமை மின்வாரியத்து ஆள் வந்து காற்றில் அறுந்த கம்பியைச் சரிசெய்துவிட்டு அதே வழியில் ஏறிக் குதித்துப் போனார். கேஸ் கொண்டு வந்தவர் சிலிண்டரைச் சாலையோரத்திலேயே வைத்துவிட்டு போன் செய்தார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. வருவதற்கு யாரும் இருக்கவுமில்லை. வழி அடைபட்ட பிறகுதான் அந்த வழியாக யார் யார் வந்துகொண்டிருந்தார்கள் என்பதை அவள் எண்ணிப் பார்த்தாள். மூன்றே பேர்.

ரமேஷ்குமாரிடம் சொன்னபோது அவன், "நீங்க ஒண்ணும் பண்ணாதீங்கம்மா, சனிக்கெழம நா வரப் பாக்கறேன்" என்றான். சனிக்கிழமை கம்பெனியில் ஆடிட் என்று மெசேஜ் வந்தது.

அன்றே அவள் பரணில் கிடந்த கோடாலியை இறக்கினாள்.

நாச்சிமுத்து போன பிறகு அதை யாரும் தொடவில்லை. அலகு துருவேறி மழுங்கியிருந்தது. காம்பு காய்ந்து சுருங்கி, ஆட்டினால் தலை லேசாக ஆடியது. தண்ணீரில் ஊறப்போட்டால் காம்பு உப்பி இறுகிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். வெயிலில் காய்ந்தால் மறுபடி கழன்றுகொள்ளும் என்பதும் தெரியும். வீசுகிற வேகத்தில் இரும்பு கழன்று பறந்தால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் பழைய ஆப்பைத் தட்டி எடுத்துவிட்டு, வேலாங்கட்டையில் புதிதாக ஒன்று சீவி, சுத்தியால் அறைந்து இறக்கினாள். கோடாலித் தலையைக் கீழே தொங்கவிட்டுக் காம்பின் அடியைக் கல்லால் நாலு தட்டுத் தட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. பிறகு அரத்தால் துருவை ராவி, அரிவாள் தீட்டும் கல்லில் முக்கால் மணி நேரம் தீட்டினாள். மழுங்கிய கோடாலிதான் மரத்தில் பிடிக்காமல் வழுக்கிக் காலுக்கு வரும்.

சின்னராஜை மறுபடி கூப்பிட்டு, கிளைகளையாவது தானே கழித்து வைக்கலாமா என்று கேட்டாள். போனில் அவனுக்குப் பின்னால் மிஷின் சத்தம் கேட்டது.

"கோடாலிலயா? சரி, நா சொல்றதக் கேட்டுக்கங்க. கெளைய வெட்டறப்ப நீங்க இந்தப் பக்கம் நிக்கோணும், கெளை அந்தப் பக்கம் இருக்கோணும். நடுவுல தண்டு கெடக்கோணும். கோடாலி தவறுனா தண்டுலதான் படோணும், கால்ல படக்கூடாது. அடிப்பக்கத்துல இருந்து நுனியப் பாத்து வெட்டிட்டுப் போங்க. வில்லாட்டம் வளைஞ்சு நிக்கற கெளையத் தொடவே தொடாதீங்க. தெறிச்சுதுன்னா தாடை போயிரும்."

"தண்டு?"

"தண்டெல்லாம் வேண்டாமுங்க்கா. அது அறுந்தா எந்தப் பக்கம் உருளும்னு எனக்கே தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தாள். சேலையை ஏற்றிச் செருகி, மேலே நாச்சிமுத்துவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். ரமேஷ்குமார் விட்டுவிட்டுப் போயிருந்த கேன்வாஸ் ஷூவில் துணியைத் திணித்துக் காலுக்குப் பொருத்தினாள். நிற்கும் இடத்தைச் சுற்றிக் கிடந்த சுள்ளிகளையெல்லாம் முதலில் அரிவாளால் அரிந்து ஒதுக்கினாள். வெறும் கோடாலியை ஒருமுறை தலைக்கு மேல் மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். மேலே தொங்கிய ஒரு கொப்பில் இடித்தது. அதையும் கழித்தாள்.

முதல் நாள் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பலத்தையெல்லாம் திரட்டி நேராக ஓங்கி வெட்டினாள். கோடாலி கட்டையில் கடித்துக்கொண்டு வர மறுத்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஆட்டி ஆட்டிப் பிடுங்க வேண்டியிருந்தது. ஒரு கிளை விழுவதற்குள் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். இரண்டாம் நாள்தான், நேராக வெட்டாமல் சாய்வாக வெட்ட வேண்டும் என்பது கைக்குப் புரிந்தது. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சாய்வு, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சாய்வு. நடுவிலிருந்து மரச்சிலாம்பு உள்ளங்கை அகலத்துக்குத் தெறித்து விழும். கட்டை எவ்வளவு தடிமனோ வெட்டுவாயும் அவ்வளவு அகலமாகத் தொடங்க வேண்டும். குறுகலாகத் தொடங்கினால் பாதியில் கோடாலி மாட்டிக்கொள்ளும். பலம் போடவே தேவையில்லை என்பதை மூன்றாம் நாள் கண்டுபிடித்தாள். தூக்குவதுதான் அவள் வேலை. இறங்குவதை இரும்பின் கனமே பார்த்துக்கொண்டது. வலது கையைக் காம்பின் மேலே பிடித்துத் தூக்கி, இறங்கும்போது அந்தக் கையை வழுக்கிக் கீழே இடது கையோடு சேரவிட்டால் போதும்.

காலை ஆறு முதல் எட்டரை வரை. மாலை வெயில் தாழ்ந்து ஒரு மணி நேரம். மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுவாள். களைத்த கைதான் தவறும். நிறுத்தும்போது கோடாலியைத் தரையில் போடாமல் தண்டில் கொத்தி நிறுத்துவாள். கிளைகளை இழுத்து ஓரமாக அடுக்கிவிட்டு, அந்தக் குவியலைப் பார்த்தபடி தண்ணீர் குடிப்பாள். அந்த நேரத்தில் யாராவது வந்து "இவ்வளவும் நீங்களே வெட்டுனதா" என்று கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். கொல்லிமலை எதிரே நீலமாகக் கிடக்கும். மைனா கத்தும். வேறொன்றும் நடக்காது.

தடத்தில் கிடந்த கிளைகள் முடிந்த பிறகும் சின்னராஜ் வரவில்லை. போன் எடுக்கவுமில்லை. தண்டு கிடந்தது. வழியைத் திறக்க அதை இரண்டு இடத்தில் துண்டாக்க வேண்டும், வேலியோரம் ஒன்று, வேரோரம் ஒன்று. வேண்டாம் என்று சின்னராஜ் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. ஆனால் ஐந்து நாள் வெட்டிய கை சும்மா இருக்க மறுத்தது. வேலியோரத்தில் மரம் ஒன்றேகால் அடிதான் தடிமன். அங்கே தொடங்கினாள்.

தொடங்குவதற்கு முன் தண்டைச் சுற்றி நாலு முறை நடந்தாள். வேலிக்கு அப்பால் கிடந்த தலைப்பகுதி கீழ்க்கிளைகளின் மேல் ஊன்றிக்கொண்டு நின்றது. தண்டு அறுந்தால் அது சாலைப் பக்கமாகப் புரளும் என்று கணித்தாள். அதனால் வீட்டுப் பக்கமே நின்று இரண்டு நாள் வெட்டினாள். பாதிக்கு மேல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. இன்னும் நாலு விரல் கனம்தான் மிச்சம். ஏழே முக்காலுக்கு வெயில் மலைக்கு மேல் ஏறி நேராகக் கண்ணில் அடித்தது. வெட்டும் இடம் தெரியவில்லை. இன்னும் ஐம்பது வெட்டுக்குள் முடிந்துவிடும், சாலைப் பக்கம் போய் நின்றால் வெயில் முதுகுக்குப் போய்விடும் என்று நினைத்தாள். போய் நின்றாள்.

முப்பதாவது வெட்டிலேயே தண்டு முறிந்தது. தலைப்பகுதி அவள் கணித்த பக்கமே புரண்டது. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளை சுற்றி இறங்கியது. பின்னால் துள்ளினாள். வலது கால் தப்பியது. இடது பாதத்தின் மேல் கிளை உட்கார்ந்துகொண்டது.

கோடாலி கையில்தான் இருந்தது. அவள் உட்கார்ந்த நிலையில் விழுந்திருந்தாள். முதலில் வலி தெரியவில்லை. பாதத்தை இழுத்தாள், வரவில்லை. பிறகு வலி வந்தது. கிளையை இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தாள். மரத்தின் முழுத் தலையும் அதன் மேல் இருந்தது. மழையில் ஊறிய மண்ணாக இருந்ததால் பாதம் கொஞ்சம் அமுங்கி இடம் கிடைத்திருந்தது. விரலால் பாதத்துக்கு அடியில் தோண்டினாள். நாலு விரல் ஆழத்துக்குக் கீழே சுக்கான்கல். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

கத்திக் கூப்பிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய தூரத்தில் ஒருவரும் இல்லை. "ஏனுங்க" என்று கத்தினாள். "ஏனுங்க... ஏனுங்கோ..." நாலைந்து முறை கத்திய பிறகு, முப்பத்தொரு வருடம் நாச்சிமுத்துவை அவள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. அதோடு கத்துவதை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள்.

போன் பத்தடி தள்ளி வேலிக்கம்பில் மாட்டியிருந்த பையில் இருந்தது. அது அடிக்கத் தொடங்கியது. முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி ஒருமுறை அடித்தது. பிறகு இல்லை.

கோடாலியைப் பார்த்தாள். பாதத்துக்கும் தலைப்பகுதியின் தண்டுக்கும் நடுவில் கிளை இரண்டு முழம் நீளத்துக்கு இருந்தது. அங்கே வெட்டினால் கிளை தனியாகிவிடும், அதன் மேல் பாரம் இருக்காது. ஆனால் அது அறுந்தவுடன் தண்டு இன்னும் ஒரு சுற்று புரண்டால் அவள் கதை முடிந்தது. கைக்கு எட்டிய வெட்டுக்கட்டைகளை இழுத்து, தண்டுக்கடியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, கோடாலியின் பின்பக்கத்தால் அடித்து இறுக்கினாள். இதற்கே அரை மணி நேரம் ஆனது. தண்டைக் கையால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

பிறகு கோடாலியின் கழுத்தை ஒட்டிக் காம்பைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்த இடத்தில் ஓங்க முடியாது, ஓங்கவும் கூடாது. ஒரு முழம் தூக்கி, பாதத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, கொத்த வேண்டும். கோடாலி வழுக்கினாலும் தண்டுப் பக்கம் போக வேண்டும், தன் பக்கம் வரக்கூடாது. ஒவ்வொரு கொத்துக்கு முன்னும் அலகு எங்கே பார்க்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இறக்கினாள். அவசரப்பட்டு ஒரு கொத்து பாதத்துப் பக்கம் சாய்ந்து விழுந்தது. கிளையில் ஓர் அங்குலம் பதிந்து நின்றது. அதைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டு, கண்ணை மூடி மெல்ல இருபது வரை எண்ணினாள். அதற்குப் பிறகு பத்துக் கொத்துக்கு ஒருமுறை நிறுத்தினாள்.

கிளை குடத்துக் கழுத்தளவு தடிமன். நின்று வெட்டியிருந்தால் பத்து நிமிட வேலை. வெயில் ஏறியது. தண்ணீர் பாட்டில் போனோடு பையில் தொங்கியது. வீட்டுப் பக்கம் மாடுகள் தண்ணீருக்குக் கத்தத் தொடங்கின. பெரிய மாடு கத்தும், அது நிறுத்தியதும் சின்னது கத்தும். "வந்துட்டேன், இரு, இரு" என்று அவள் சத்தமாகவே பதில் சொல்லிக்கொண்டு கொத்தினாள்.

கிளை அறுந்தபோது தண்டு அரை விரல் அளவு இறங்கி, செருகிய கட்டைகளின் மேல் நின்றது. கிளையைப் பாதத்திலிருந்து புரட்டித் தள்ளினாள். ஷூவின் மேல்பக்கம் கிழிந்திருந்தது. பாதம் வாழைப்பூப் போல வீங்கி நிறம் மாறியிருந்தது, ஆனால் ஐந்து விரலும் அசைந்தன. ஒரு கொப்பை ஊன்றிக்கொண்டு வேலிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். மணி பதினொன்றே கால். மகனிடமிருந்து இரண்டு அழைப்பு.

வீட்டுக்குப் போய் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு தடவ அடிச்சேம்மா, எடுக்கல. மாட்டுக்கிட்ட இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ஆமா சாமி. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தேன்."

"மரம் அறுத்தாச்சா?"

"பாதி ஆச்சு."

அவன் போனை வைத்த பிறகும் அவள் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டே சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் சாலைக்குப் போக முடியவில்லை. பாலைக் காய்ச்சி உறை ஊற்றினாள், மீதியைக் கன்றுக்கே விட்டாள். செவ்வாய்க்கிழமை காலை வாசலில் ஒரு குரல் கேட்டது.

"ஏ அம்மிணி, உள்ள இருக்கறயா?"

இரண்டு காடு தள்ளி ஆட்டுப்பட்டி போட்டுத் தனியாக இருந்த மாரக்காள். வயது அறுபத்தைந்துக்கு மேல். ஏழெட்டு வருடமாகப் பக்கத்தில் இருக்கிறாள் என்றாலும், வரப்பில் எதிர்ப்பட்டால் தலையசைப்பதோடு சரி. இட்டேரிப் பக்கமே வராமல் வரப்பு மேலேயே நடந்து வந்திருந்தாள். கால் முழுக்கச் சேறு.

"வாங்கக்கா. என்ன இவ்வளவு தூரம்?"

"ரெண்டு நாளாச் சத்தத்தக் காணோம். அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்ன சத்தம்?"

"கோடாலிச் சத்தந்தான். வெடியால ஆறு மணிக்கு நீ தொடங்குவ. அது கேட்டதும் நா பட்டியத் தொறப்பேன். ஒரு வாரமாப் பழகிப் போச்சு." சுவரோரம் உட்கார்ந்தவள் சௌந்திரத்தின் காலைப் பார்த்தாள். "இதென்ன?"

சௌந்திரம் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை முழுக்கச் சொன்னாள். மாரக்காள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்த பிறகு, "அன்னைக்குச் சத்தம் வேறயாத்தான் கேட்டுது. டொக்கு டொக்குனு சின்னதா. தேங்கா ஒடைக்கறாப்பல. ரொம்ப நேரங் கேட்டுது. என்னமோ சன்னமாச் செதுக்கறயாட்டிருக்குதுன்னு நெனச்சுட்டேன்" என்றாள். பிறகு, "கூப்புட்டயா?" என்று கேட்டாள்.

"கூப்புட்டனுங்க்கா. காத்து உங்க பக்கம் அடிக்கல."

மாரக்காள் எழுந்து போய்ப் புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து பாதத்தில் பற்றுப் போட்டாள். அடுத்த ஐந்து நாள் காலையில் வந்து பால் கேனைச் சாலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வந்ததும் போனதும் வரப்பு மேலேதான். அதிகம் பேசவில்லை. அவளுக்கும் தனியாக இருந்து பேச்சு மறந்து போயிருந்தது போலும். இரண்டு பேரும் காப்பி குடித்துவிட்டு, மாடு அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "சரி, ஆடு கத்தும்" என்று அவள் எழுந்து போய்விடுவாள்.

வீக்கம் வற்றியதும் சௌந்திரம் மறுபடி கோடாலியை எடுத்தாள். மாரக்காள் தடுக்கவில்லை. "நானும் கூட இருக்கறேன்" என்று மட்டும் சொல்லி, தண்டுக்கு அருகில் வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க வேண்டாமுங்க்கா. இன்னுந் தள்ளிப் போங்க."

மாரக்காள் நாலடி தள்ளினாள்.

"இன்னும். சிலாம்பு தெறிக்கும். கோடாலி கழண்டாலும் எட்டக்கூடாது."

அவள் போய் உட்கார்ந்த இடம் பேசினால் கேட்காத தூரம். அங்கிருந்து அவள் ஏதோ சொல்வது தெரியும், என்னவென்று கேட்காது. வெட்டும்போது அந்தப் பக்கம் பார்க்கவும் முடியாது. அவ்வளவு தூரத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது மட்டும் சௌந்திரத்துக்குத் தெரிந்தது. போனை இப்போது பையில் மாட்டவில்லை, சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டிருந்தாள்.

வேரோரத்து வெட்டுத்தான் பெரியது. தண்டு அறுந்தவுடன் எழும்பி நிற்கும் வேர்ச்சக்கரம் பழையபடி குழிக்குள் சாயலாம், அடிக்கட்டை விருட்டென்று நிமிரலாம் என்று அவளே யோசித்து வைத்திருந்தாள். வேர்ப்பக்கம் ஒருமுறைகூட நிற்கவில்லை. வெயில் கண்ணில் அடித்தபோது அன்றைய வேலையை நிறுத்தினாள். நாலாம் நாள் மாலை தண்டு அறுந்தது. அவள் நினைத்தபடியே அடிக்கட்டை ஒரு முழம் எழும்பி, குழிக்குள் மண் சரிந்தது. நடுத்துண்டை இரண்டு பேரும் கடப்பாரை போட்டு நெம்பி நெம்பிப் பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். புழுதி அடங்கியதும் இட்டேரி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெரிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் வரவில்லை.

மறுநாள் சின்னராஜ் கூப்பிட்டான். "அக்கா, நாளைக்கு வாரேனுங்க, கண்டிப்பா."

"வேண்டாஞ் சாமி. ஆயிருச்சு."

"யாரு வந்து அறுத்தாங்க?"

"நாந்தான் வெட்டுனேன்."

அவன் சிரித்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, "தண்டையுமா?" என்றான். நேரமிருக்கும்போது வந்து பார்ப்பதாகச் சொன்னான். வரவில்லை.

ஆடி மாதம் மாரக்காளின் மகளுக்குப் பிரசவம் என்று ஓமலூரிலிருந்து ஆள் வந்து அவளைக் கூட்டிப்போனார். ஆடுகளை அதற்கு முன்பே விற்றுவிட்டிருந்தாள். புறப்படும் முன் வரப்பு வழியாக வந்து, "குழந்தைய ஒரு மூணு மாசம் பாத்துட்டு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பட்டி காலியாகக் கிடந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு ரமேஷ்குமாரும் நர்மதாவும் காரில் வந்தார்கள். கார் இட்டேரியில் நிற்காமல் நேராக வந்து வாசலில் நின்றது. ரமேஷ்குமார் இறங்கும்போதே, "நல்ல வேளைம்மா, மிஷின்காரன் சுத்தமா அறுத்துக் குடுத்துட்டான்" என்றான். அவள் நர்மதாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் நர்மதா காலாற நடந்துவிட்டு வருவதாக இட்டேரிப் பக்கம் போனாள். திரும்பி வந்து மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தாள். சௌந்திரம் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, அந்த மரம் மிஷின்ல அறுத்ததில்லீங்களே. வெட்டு வெட்டாத் தெரியுது."

"ஆமா."

"யாரு வெட்டுனது?"

பாத்திரத்தில் பால் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நர்மதா அங்கேயே நின்றாள். போகவில்லை. கறந்து முடித்துவிட்டுச் சௌந்திரம் சொன்னாள். இந்த முறை சுருக்கமாகச் சொன்னாள். கத்திக் கூப்பிட்டதைச் சொல்லவில்லை, கால் மாட்டியதையும் வெட்டி எடுத்ததையும் மட்டும் சொன்னாள். நர்மதா சாணித்தரையில் அப்படியே உட்கார்ந்து, "காலக் காட்டுங்க அத்தை" என்றாள். பாதத்தின் மேல் கருத்த தழும்பு கோடு போலக் கிடந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அவரு ரெண்டு தடவ போன் பண்ணியும் எடுக்காத அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான்."

"ஏன் அத்தை சொல்லல?"

"சொன்னா வந்துருப்பீங்க. வந்து என்னைய ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. அங்க வந்து நா என்ன பண்ணுவேன் கண்ணு. காலைல நீங்க ரெண்டு பேரும் கதவச் சாத்திட்டுப் போயிருவீங்க."

நர்மதாவுக்கும் அது தெரிந்த விஷயம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ரமேஷ்குமாரிடம் அன்றைக்கு அவள் சொல்லவில்லை. ஓசூர் போன பிறகு சொல்லியிருக்க வேண்டும். வியாழக்கிழமை அவன் கூப்பிட்டு, ஏதோ சொல்ல இரண்டு முறை தொடங்கி நிறுத்திவிட்டு, "சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு நர்மதா பள்ளிக்குக் கிளம்பும் முன் கூப்பிட்டாள். என்ன சமையல், மாடு எவ்வளவு கறந்தது, கால் வலிக்கிறதா. மூன்று வாரம் தவறாமல் நடந்தது. பிறகு பரீட்சை வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். அவள் கூப்பிடும்வரை சௌந்திரம் குளிக்கப் போவதில்லை.

வெட்டிய விறகு இரண்டு வருடத்துக்குக் காணும். மழைக்கு முன் அதையெல்லாம் பிளந்து கொட்டகைக்குள் அடுக்கிவிட்டாள். ஐப்பசி மழை தொடங்கியபோது வேர் இருந்த குழியில் தண்ணீர் தேங்கி, இட்டேரியின் ஓரம் அரிக்க ஆரம்பித்தது. அதைத் தூர்க்க வேண்டும் என்று ஒரு நாள் காலையில் மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு போனாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் வரைக்கும் மண்ணை வெட்டிக் கொட்டினாள். குழி கால்வாசிதான் நிறைந்திருந்தது. மண்வெட்டியைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நாளைக்கும் மழை இல்லாவிட்டால் வர வேண்டும்.